ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வாழ்க்கை மலிவா?

வேலைக்குப் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் ஒரு மாதத்துக்குள் என்னிடம் வந்து கேட்டுவிடுவார்கள். "அண்ணா, ஓசூர்ல வீடு எடுத்தா மாசம் எவ்ளோ மிச்சமாகும்?" எனக்கு வேலை பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில், குடியிருப்பு ஓசூரில். காலையில் தமிழ்நாட்டு எல்லையான ஜூஜூவாடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வழியாகப் போய், இருட்டியபின் அதே வழியில் திரும்புகிறவன். இரண்டு மாநிலத்திலும் காசு செலவழிக்கிறவன் என்பதால் எனக்குக் கணக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். கணக்கு இருக்கிறது. 2018-லிருந்து என் மனைவி ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடிந்ததே இல்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரன். தக்காளியும் ராகியும் விளைகிற பூமி. வேலை கிடைத்ததும் முதலில் பொம்மசந்திராவிலேயே ஒரு படுக்கையறை வீடு எடுத்தோம். வாடகை 9,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 90,000. பெங்களூரில் அதுதான் வழக்கம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு அப்பா இரண்டு கறவை மாடுகளை விற்றார். பதினைந்து மாதம் கழித்துக் காலி செய்தபோது, பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். மாடு விற்ற காசு அத்தனை மாதமும் வட்டியில்லாமல் வேறொருவர் கையில் கிடந்தது. எங்கள் நோட்டில் அது செலவு என்ற கணக்கிலேயே வரவில்லை, 'அட்வான்ஸ்' என்று தனியாக ஒரு மூலையில் எழுதியிருக்கிறது. வீட்டுக்காக நாம் கொடுக்கிற பணத்தில் பாதி இப்படிக் கண்ணில் படாமலே போகிறது என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

2019-ல் ஓசூருக்கு வந்தோம். அந்த வருஷம்தான் ஓசூர் மாநகராட்சி ஆனது. இரண்டு படுக்கையறை, வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அறை ஒன்று கூடியது, வாடகை 2,500 குறைந்தது. அன்றைக்கு இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு "வந்துடுப்பா" என்று சொல்லியிருப்பேன்.

வரிக் கதைக்கு வருகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, சோப்பு, துணி, டிவி, செல்போன் எதை எந்தப் பக்கம் வாங்கினாலும் வரி ஒன்றுதான். அதற்கு முன்பு எல்லைச் சோதனைச்சாவடியில் வணிகவரிக்காக லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தக் காட்சி போய்விட்டது. மாநிலங்கள் தாங்களே விகிதம் வைத்துக்கொள்கிற இடங்கள் இன்று கொஞ்சம்தான்: பெட்ரோல் டீசல், மது, வண்டிக்கான சாலை வரி, பத்திரப் பதிவு. இவற்றோடு மின்கட்டணமும், உள்ளாட்சி வாங்குகிற வீட்டு வரி, தொழில் வரியும். எல்லையில் குடியிருக்கிறவனுக்கு வித்தியாசம் தெரிவது இவற்றில் மட்டும்தான்.

இதில் எல்லோரும் அதிகம் பேசுவது பெட்ரோலைப் பற்றி. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு மாநில வரி. கர்நாடகத்தில் 2024 ஜூனில் அதை 29.84 சதவீதமாக உயர்த்தினார்கள். அதுவரை அத்திப்பள்ளியில் போட்டால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் போல மிச்சம். எங்கள் ஆட்கள் வீடு திரும்பும்போது அங்கேயே நிறுத்தி டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார்கள். உயர்த்திய பிறகு அந்த லாபம் போய்விட்டது. டீசல் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் குறைவு, அதற்கும் 2025 ஏப்ரலில் வரியைக் கூட்டிவிட்டார்கள்.

சரி, இதில் என் வீட்டுக்கு என்ன கிடைத்தது? மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் பைக் ஓட்டுகிறேன். 22 லிட்டர் ஆகும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் என்றால் 44 ரூபாய். அந்த 44 ரூபாய்க்காக அத்திப்பள்ளி பங்கில் வரிசையில் நின்ற நாட்களை நோட்டு காட்டுகிறது. அதே நோட்டில் பக்கத்திலேயே வாடகைக் கட்டம்: 2019-ல் 6,500, 2022-ல் 8,500, 2024-ல் 11,000, 2025-ல் 12,500.

சாலை வரியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் வண்டி வரி அதிகம் என்று முன்பு எல்லோரும் இந்தப் பக்கம்தான் பதிவு செய்தார்கள். 2023 நவம்பரில் தமிழ்நாடும் ஏற்றிவிட்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீதம், பத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். தொழில் வரி எனக்குக் கர்நாடகத்தில் மாதம் 200 பிடிக்கிறார்கள். எந்த மாநிலமும் வருஷத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே வரம்பு இருப்பதால் அதில் பெரிய வேறுபாடு வர வழியில்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை ஏற்றினார்கள். எங்கள் ஊர் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. நாங்கள் இருந்த வீட்டுக்கு அரையாண்டுக்கு 900 ரூபாய் இருந்தது 1,350 ஆனது. ஆறு மாதத்துக்கு 450 கூடுதல், மாதத்துக்கு 75. வீட்டுக்கார அக்கா மே மாதம் வந்து, "வரி ஏத்திட்டாங்க தம்பி, இனிமே 500 சேர்த்துக் கொடுங்க" என்றார். நல்ல மனுஷி. என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து வாசலில் கட்டியவர். அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தெருவில் எல்லோரும் ஏற்றினார்கள், அவரும் ஏற்றினார். ஆனால் அரசு போட்ட 75 ரூபாய் என் கைக்கு வரும்போது 500 ஆகியிருந்தது. வரியை அரசு ஒரு நாள் குறைத்தால் அந்த 500 திரும்பி வருமா? வாடகை இறங்கின கதையை ஓசூரில் இந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், கொரோனாவின்போது.

அப்புறம் மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நாங்கள் மூன்று பேர். மகளும் மனைவியும் பகலில் வீட்டில் இல்லாததால் மாதத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து யூனிட்டுக்கு மேல் போகாது. எங்கள் பெயரில் இணைப்பு இருந்திருந்தால் பெரும்பாலான முறை பில்லே வராது. ஆனால் மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மீட்டர், உள்ளே ஆளுக்கொரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய். மாதம் 350 ரூபாய் கொடுத்துவந்தோம். கர்நாடகத்தில் 2023-லிருந்து மாதம் 200 யூனிட் வரைக்கும் இலவசத் திட்டம் இருக்கிறது, வாடகைக்கு இருக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். திட்டம் எது பெரிது என்பதல்ல என் பேச்சு. அரசு எங்களுக்கென்று ஒதுக்கியதும் சொந்தமாக மீட்டர் உள்ளவன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மேல்மடைக்காரன் அடைத்துக்கொண்டால் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன, கடைமடைக்கு வராது.

இதனால்தான் சொந்த இடம் வாங்கியே தீருவது என்று 2022 கடைசியில் முடிவு செய்தோம். அங்கே நான் செய்த தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்னொருவருக்காவது உதவட்டும்.

பாகலூர் சாலையில் உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவு. முன்பு ராகிக் காடு. டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை நிறுத்தியபோது எங்கள் சித்தப்பா மாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்தவர், அந்தப் பயம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அங்கீகாரம் இருந்தது. 1,200 சதுர அடி, அடி 1,600 ரூபாய், மொத்தம் 19,20,000. மார்ச் முதல் வாரம் டோக்கன் கொடுத்தோம்.

2023 மார்ச் 20 அன்று மாநில பட்ஜெட். பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைகிறது என்று செல்போனில் செய்தி. அன்று ராத்திரி மனைவியிடம், "பத்து நாள் பொறுத்தா பாதிக் கட்டணம்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். விற்கிறவரும் சரி என்றார். மாதக் கடைசியில் சீட்டுப் பணமும் வர வேண்டியிருந்தது. ஏப்ரல் பிறந்ததும் பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, பேசாமல் அதைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். 97,200.

மார்ச்சில் பதிந்திருந்தால் 79,200.

எப்படி என்று கேட்டதற்கு அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது. 2017 ஜூன் வரை அந்த இடத்தின் அரசு வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைக்கிற குறைந்தபட்ச விலை, சதுர அடிக்கு 900. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 8 சதவீதம், அடிக்கு 72 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். மதிப்பு 600, மொத்தம் 11 சதவீதம், அடிக்கு 66. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கிய அதே அறிவிப்பில், வழிகாட்டி மதிப்பை மறுபடி 2017-ன் பழைய நிலைக்குக் கொண்டுபோனார்கள். மதிப்பு 900, மொத்தம் 9 சதவீதம், அடிக்கு 81. சதவீதம் குறைந்தது, கட்டுகிற பணம் ஏறியது. செய்தியின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வரியை விட்டுவிட்டேன். 18,000 ரூபாய்.

அங்கே இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் பேசிய விலை அடிக்கு 1,600. பத்திரத்தில் 900-தான் எழுதுவேன் என்றார் விற்கிறவர், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முழு விலையையும் எழுதினால் தீர்வை ஏறும், அவருக்கு வருமான வரியும் ஏறும். எழுதாவிட்டால் நஷ்டம் யாருக்கு? வங்கி பத்திர மதிப்பான 10,80,000-ஐ வைத்துத்தான் கடன் தரும். எங்களுக்குக் கிடைத்தது 7,50,000. மீதி 11,70,000-ஐயும் ரொக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. சீட்டுப் பணம், சேமிப்பு, மாமனார் கொடுத்தது, அப்பா கொடுத்தது. கடைசியில் பதிவுச் செலவுக்குக் கையில் ஒன்றுமில்லை. மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். நகைக்கடன் வாங்கித்தான் அந்த 97,200-ஐக் கட்டினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வெப் கேமரா முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்தபோது அவள் அந்தக் கயிற்றைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டதைப் பார்த்தேன். அந்தப் போட்டோதான் பத்திரத்தில் இருக்கிறது.

பின்னால் ஒரு நாள் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 22 ரூபாய் மாநில வரி. 22 லிட்டருக்கு மாதம் 484, வருஷத்துக்கு 5,800 ரூபாய் சொச்சம். பத்திரத்துக்கு ஒரே நாளில் கட்டியது, பதினாறு வருஷத்துக்கு மேல் பெட்ரோலில் நான் கட்டப் போகிற மாநில வரிக்குச் சமம். அதையும் வட்டிக்கு வாங்கிக் கட்டினோம். டீக்கடையில் பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் அரை மணி நேரம் பேசுகிற நாங்கள், பத்திரச் செலவைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாழ்க்கையில் ஒரு முறை வருவதால் கல்யாணச் செலவு மாதிரி ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். வீடு வாங்குகிற முதல் தலைமுறைக்கு இந்த 9 சதவீதம் அதிகம், மிக அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். புது அடுக்ககத்தில் 50 லட்சத்துக்குள் வீடு வாங்குகிறவருக்கு 6 சதவீதம் என்று பின்னால் குறைத்தார்கள். காலி மனை வாங்கிச் சிறுகச் சிறுகக் கட்டுகிறவனுக்கு அது கிடையாது. எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வகை.

அந்தப் பக்கம் எப்படி? என்னோடு வேலை செய்கிற ஒருவர் அதே வருஷம் சந்தாபுரா பக்கம் அதே 1,200 சதுர அடி மனை வாங்கினார். அப்போது கர்நாடகத்தில் தீர்வை, செஸ், பதிவு எல்லாம் சேர்த்து 6.6 சதவீதம் போல. (2025 ஆகஸ்ட் 31-லிருந்து பதிவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியதில் 7.6 ஆகிவிட்டது.) சதவீதம் குறைவு. ஆனால் அவருடைய மனை விலை 50 லட்சம், கட்டியது 3,30,000. சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாநிலம் மலிவு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, எந்த விலைக்கு மேல் அந்தச் சதவீதம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

என் தங்கை பாலக்கோட்டிலேயே இருக்கிறாள். 2025-ல் அவள் பெயருக்கு மூன்று சென்ட் வாங்கினார்கள். அந்த ஏப்ரலிலிருந்து, பெண்கள் பெயரில் பதிகிற 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருந்தார்கள். அவள் 9-க்குப் பதில் 8 கட்டினாள், சந்தோஷமாக இருந்தது. அதே சலுகை அன்றைக்கே இருந்திருந்தால்கூட, என் மனைவி பெயரில் பதிந்திருந்தாலும், எங்களுக்குக் கிடைத்திருக்காது. எங்கள் மனை மதிப்பு 10,80,000. தருமபுரி மாவட்டத்தில் ஒரு வீட்டுமனைக்குப் போதுமான வரம்பு, அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி ஓசூரில் போதவில்லை. தங்கை வீட்டுக்காரர் சம்பளத்தில் பாதி கூட வராத தினக்கூலி ஆட்கள் ஓசூரில் எத்தனையோ பேர். ஊர் விலை ஏறிய குற்றத்துக்கு அவர்கள் வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? பெங்களூரில் இடம் வாங்க முடியாதவர்கள் இங்கே வருகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை போக, புதுத் தொழிற்சாலைகளும் வந்திருக்கின்றன. ஒரு வீட்டில் நான்கு பேர், ஆறு பேர் என்று தங்கித் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறவர்களோடு, ஒரே சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் போட்டி போட முடியாது. 2024 ஜூனில் ஓசூரில் விமான நிலையம் என்று சட்டசபையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்த மறுவாரம், எங்கள் மனைக்கு இரண்டு மனை தள்ளி 'விற்பனைக்கு' என்று எழுதியிருந்த பலகையில் விலையை அழித்துவிட்டு 'நேரில்' என்று எழுதினார்கள். ஒரு செங்கல்லும் வைக்கவில்லை, இடம்கூடக் கையகப்படுத்தவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு அங்கே மனை தேடி வந்தவர்களின் நிலைமையை யோசித்தால் எனக்கு மனசு கனக்கிறது.

2025 தை மாதம் கட்ட ஆரம்பித்தோம். வரைபட அனுமதி சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கிடைத்தது. அந்தத் திட்டம் உண்மையிலேயே நல்லது, ஒருவரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்தபோது ஏப்ரலில் கனிம நிலத்துக்குப் புது மாநில வரி வந்தது. குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்லுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜல்லிக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம். லோடு வந்தபோது விலையும் ஏறியிருந்தது. மேஸ்திரி, "ரெண்டு ரூமோட நிறுத்திக்கலாமுங்க, மீதியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு ரூமும் சமையல்கட்டும் போதும்ணா" என்றாள். செப்டம்பர் 22-ல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. 350 ரூபாய் மூட்டைக்கு 27 ரூபாய் குறைய வேண்டும். நாங்கள் வாங்குகிற கடையில் 20 குறைத்தார்கள். பூச்சு வேலைக்கு அது உதவியது.

கார்த்திகையில் பால் காய்ச்சிவிட்டுக் குடி வந்தோம். வெளிப்பூச்சு இன்னும் இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. வங்கித் தவணையும் நகைக்கடன் வட்டியும் சேர்த்தால் கொடுத்துவந்த வாடகைக்குச் சற்று மேலே வருகிறது. ஆகவே, "எவ்ளோ மிச்சம்?" என்று கேட்டால் இன்றைய தேதிக்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஓசூருக்கு வரலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்கிறேன்: வாடகை வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்று விசாரித்தாயா, அட்வான்ஸ் எத்தனை மாதம், மீட்டர் தனியா, மனை வாங்குகிற எண்ணம் இருந்தால் அந்தச் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்தாயா. பெட்ரோல் விலையைக் கடைசியாகப் பார்க்கலாம்.

போன வாரம் மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வந்தார்கள். வீட்டு இணைப்பாக மாறிய பிறகு முதல் ரீடிங். நான் வேலையில் இருந்தேன், மனைவி போன் செய்தாள். "ஏங்க, எண்பத்தாறு யூனிட்டுங்க." சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வெள்ளை அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். 86 என்ற எண்ணுக்கு நேராகத் தொகைக் கட்டத்தில் சைபர் போட்டிருந்தது. நோட்டிலும் அந்த மாதத்து மின்சாரக் கட்டத்தில் ஒரு சைபரை எழுதிவிட்டு, அட்டையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.